கதவுள்ள கட்டடம்

தாலுகா ஆபீஸ் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து, எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவருடைய நாற்காலியின் மேல் விழுந்து நாற்காலியை மட்டும் கொன்ற வருஷத்தில்தான், பத்தொன்பது வருஷமாக அணைத் தண்ணீருக்கு அடியில் கிடந்த எங்கள் செம்பாறைக்குடி மேலே வந்தது. தேர்தல் நடத்த அரசாங்கத்துக்குத் தற்காலிகமாக ஓர் இடம் தேவைப்பட்டது, அதற்காக வந்தது. எங்களுக்காக வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் உருக வேண்டாம்.

தேர்தல் துணை வட்டாட்சியர் திரவியராஜ், சொந்த மாவட்டத்துக்காரர்கள் தேர்தல் வேலை பார்க்கக் கூடாது என்ற விதிப்படி கடற்கரைப் பக்கத்திலிருந்து எங்கள் மலையடிவாரத்துக்குத் தூக்கிப் போடப்பட்டவர். கூரை விழுந்த கட்டடத்தில் தேர்தல் நடத்த முடியாது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட, மனுத்தாக்கலுக்கு ஓர் அறை, மேற்பார்வையாளருக்கு ஓர் அறை, ஓட்டு இயந்திரங்களைப் பூட்டி வைக்க ஓர் அறை, எண்ணுவதற்கு ஒரு கூடம், கழிப்பறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், சுற்றுச்சுவர், லாரி திரும்ப இடம் என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஜீப்பில் அலைந்தார். பள்ளிக்கூடங்களில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபங்களில் ஒரு நாள் விடாமல் முகூர்த்தம். அரிசி ஆலை ஒன்று தோதாக இருந்தது, அதன் முதலாளி ஒரு வேட்பாளருக்கு மச்சினன். மூடிக் கிடந்த டாக்கீஸில் வௌவால்கள் குடியிருந்தன, அவற்றைக் காலி செய்ய வேறொரு துறையின் அனுமதி வேண்டும் என்றார்கள்.

ஆறாம் நாள் காலை, நாளைக்குள் இடத்தைச் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கலெக்டர் போனை வைத்தபிறகு, திரவியராஜ் பழைய கட்டடப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் இருந்தது: செம்பாறைக்குடி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி, தெற்குப் பார்த்த கட்டடம், ஐந்து அறை, ஒரு கூடம், சுற்றுச்சுவர் உண்டு. அதற்குக் கீழே வருஷம் தவறாமல் ஓர் அதிகாரி, "நேரில் பார்வையிட்டேன், நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அணை கட்டி ஊர் முங்கிய பிறகும் பத்தொன்பது கையெழுத்துகள். அந்தப் பதிவேட்டை நான் பிறகு என் கண்ணால் பார்த்தேன். ஒரு புண்ணியவான், "காற்றோட்டம் உண்டு" என்றுகூடச் சேர்த்திருந்தார்.

வெளியூர்க்காரருக்கு ஊர் முங்கிய கதை எப்படித் தெரியும். கட்டடத்தைத் தேர்தல் பணிக்கு எடுத்துக்கொள்வதாக ஆணை தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, தலையாரி இருளப்பனிடம் கொடுத்து, கதவில் ஒட்டிவிட்டு வா என்றார். இருளப்பன் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு தடவை, ஏலம் விடப்போகிற குளம் இப்போது பஸ் ஸ்டாண்டாக இருக்கிறது என்று ஓர் அதிகாரியிடம் சொல்லி, எதிர்த்துப் பேசியதாக மெமோ வாங்கியவர், அதற்கப்புறம் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பசை டப்பாவோடு பரிசலில் ஏறி, கோடையில் ஒரு முழம் வெளியே தெரிகிற பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் நுனியில் அந்தத் தாளைச் சுற்றி ஒட்டிவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் ஒதுங்கி நின்றது. சத்தமில்லை, நுரையில்லை. பெரிய அதிகாரியின் கார் வந்தால் சந்தைக் கூட்டம் ஒதுங்குமே, அந்த மாதிரி, பள்ளிக்கூடத்தைச் சுற்றி நான்கு பக்கமும் சுவராக நின்றது. ஆணையில் "வாகன வசதியுடன்" என்று ஒரு வார்த்தை இருந்ததால் கரையிலிருந்து லாரி போகிற அகலத்துக்கு ஒரு பாதையும் விட்டிருந்தது. பாதையில் சேறுகூட இல்லை.

எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பொதுப்பணிப் பொறியாளர் வந்து அணையின் மட்டத்தை அளந்து, ஓர் அங்குலமும் கூடவில்லை குறையவில்லை என்று கண்டு, "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று எழுதினார். மின்வாரியத்தார் பாதையோரம் கம்பம் நட்டார்கள். மூன்றாம் நாள் டீக்கடை வந்தது. நிற்கும் தண்ணீருக்குள் நம் கண் மட்டத்தில் கெண்டைகள் போய்வந்துகொண்டிருக்க, போலீஸ்காரர்கள் அதில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். வேட்பாளர்கள் ஊர்வலமாக வந்து மனுத்தாக்கல் செய்தார்கள், ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை.

நாங்கள் பார்த்தோம். அணைக்காக ஊரைக் காலி செய்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மழை விழாத பொட்டலில் வரிசை வரிசையாகக் கட்டிய காலனியில் எங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வாசலில் நின்றால் அணை தெரியும். குடிக்கத் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை லாரியில் வரும். குழாய் கேட்டு நாங்கள் எழுதிய மனுக்களை அடுக்கினால் அதுவே ஓர் அணை ஆகும். "அரசாங்கம் ஒரு தாள ஒட்டுனா தண்ணியே ஒதுங்குதுப்பா" என்று ஒருவன் சொல்ல, "நம்ம மனுவுக்குப் பசை பத்தலடா" என்று இன்னொருவன் சொன்னான். சிரித்தோம். வேறு என்ன செய்வது, வயிற்றெரிச்சலுக்கு அதுதான் மருந்து.

அப்புறம்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. தாள் ஒட்டினால் எந்தக் கட்டடமும் மேலே வரும். தேர்தலுக்கு இடம் கேட்டால் ஓடி ஒளிகிற ஜனம்தான் உலகத்தில் உண்டு, எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வரிசையில் நின்றது நாங்கள்தான் இருப்போம். நகை புதைத்த இடத்தை மறந்துவிட்டு வந்தவன், குலசாமிப் பெட்டியை விட்டுவந்தவன், சும்மா பார்க்க ஆசைப்பட்டவன், எல்லோரும் மனு கொடுத்தார்கள். திரவியராஜ் பள்ளிக்கூடத்தில் இடம் பற்றாமல், பத்திரிகைக்காரர்களுக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று என இரண்டு வீடுகளுக்குத் தாள் ஒட்டச் செய்தார். வந்தன. ஆனால் எல்லாம் வாய் பிளந்து நின்றன. ஏனென்றால் ஊரைக் காலி செய்தபோது கதவு, நிலை, சட்டம், உத்தரம் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டுதான் வந்தோம். செங்கல்லைத்தான் தண்ணீருக்கு விட்டோம், மரத்தை விடவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவுகளையும் விடவில்லை, அவற்றில் ஒன்று இன்றைக்கும் என் சைக்கிள் கடைக்குக் கதவாக இருக்கிறது.

இயந்திரங்களைப் பூட்டி வைக்க ஓர் அறை வேண்டும். கான்கிரீட் கூரை, ஒரே வாசல், பூட்டுகிற கதவு. இதுதான் விதி. "கதவு இருக்கிற கட்டடம் ஒன்னுகூடவா இந்த ஊர்ல கிடையாது?" என்று திரவியராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஒச்சம்மாள் வந்தாள்.

"எங்க வீட்டுக்குக் கதவு இருக்குய்யா."

"எல்லாரும் கழட்டிட்டுப் போயிட்டீங்களேம்மா?"

"நாங்க கழட்டல. கழட்டப் போனவரு வரல."

ஒச்சம்மாளின் கணவன் சிவனாண்டி கொத்தனார். ஊரில் முதல் கான்கிரீட் கூரை அவன் போட்டதுதான். கூரை காய்ந்த மாதத்தில் ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கடைசி நாள், கடைசி லாரி, பகல் பதினொரு மணி இருக்கும். ஒச்சம்மாளை மூட்டைகளோடு ஏற்றி உட்காரவைத்துவிட்டு, கதவைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று கடப்பாறையோடு போனான். டிரைவர் ஆரன் அடித்தான், அதிகாரி கத்தினார், வாய்க்கால் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள், லாரி புறப்பட்டுவிட்டது. அடுத்த வண்டியில் வருவான் என்று நாங்கள்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்தோம். அடுத்த வண்டி என்று ஒன்று இல்லை.

பிணம் மிதக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டான், அங்கே அவனுக்கு ஒரு தொடுப்பு இருந்தது என்று ஒரு பேச்சு. இல்லை, உள்ளேயே இருந்துவிட்டான் என்று ஒரு பேச்சு. ஒச்சம்மாளுக்கு அவனை நினைத்து அழவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. இறப்புச் சான்று கேட்டுப் போனபோது ஆபீஸில் புத்தகத்தைப் புரட்டி, "உன் புருசன் போன தேர்தல்ல ஓட்டுப் போட்டிருக்கான். செத்தவன் வந்து போடுவானா? போம்மா" என்றார்கள். அதிலிருந்து அவள் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடி வாசலில் நின்றாள். ஓட்டுப் போட வருகிறவன் பொண்டாட்டியைப் பார்க்காமல் போகிறானே, அப்படி என்ன குற்றம் செய்தேன் என்று எங்களிடமே கேட்டாள். நாங்கள் செருப்பைப் பார்த்தபடி நின்றோம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன், முடியாது போல இருக்கிறது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கதவைப் பார்க்க வேண்டும். வெளியே பூட்டுத் தொங்கினால் அவன் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் போகவில்லை.

திரவியராஜ் ஆணை போட்டார். இருளப்பன் ஒரு கல்லில் தாளைச் சுற்றி, அவள் கைகாட்டிய இடத்தில் பரிசலிலிருந்து போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்து, என் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணே, கூட வாங்க. எனக்கு ஒத்தையில போகப் பயமா இருக்கு" என்றாள். கடையை அடைத்துவிட்டு நடந்தேன். ஐந்து கிலோமீட்டர். நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி.

வேலை முடிந்திருந்தது. தேர்தல் வேலைக்கு மட்டும் அரசாங்கத்தின் கை கால்கள் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். விடியலிலேயே ஆட்கள் லாரியில் வந்திறங்கி, உடைத்து, கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, புது இரும்புக் கதவு மாட்டி, இரண்டு பூட்டுக்கு இரண்டு கொண்டி வைத்துவிட்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"பழைய கதவு எங்கய்யா?" என்றாள்.

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஊறிப் போன கதவும்மா அது. இரும்புக் கதவுதான் மாட்டணும்னு உத்தரவு. எங்கயோ வேலைக்கு ஆகும்னு தூக்கிட்டுப் போனாங்க."

"வெளிய பூட்டு தொங்குச்சா? உள்ள தாப்பா போட்டிருந்துச்சா?"

"கடப்பாறைய விட்டு நெம்புனோம், வந்துருச்சு. அதையெல்லாமா பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

"உள்ள என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும், சேறும் குப்பையும்தான். ரெண்டு கூடை. தண்ணியில தட்டியாச்சு."

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர்ச் சுவரைப் பார்த்தாள். "ரெண்டு கூடைதானா?" என்றாள்.

மேஸ்திரிக்கு அப்போதுதான் என்னவோ உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தார், எழுந்து நின்றார். திரவியராஜ் வந்து பார்த்து, "ஒரே வாசல், புதிய பூட்டு, உள்ளே காலி" என்று அறிக்கை எழுதி, மறுநாள் இயந்திரங்களை அடுக்கி, வேட்பாளர்களின் ஆட்கள் முன்னால் அரக்கு முத்திரை வைத்தார். முத்திரை வைத்த அறைக்குள் கலெக்டரே நினைத்தாலும் தனியாக நுழைய முடியாது. அந்த வீடு மேலே வந்ததே பூட்டுவதற்காகத்தான், பூட்டினபிறகு வீட்டுக்காரிக்கு அதில் என்ன வேலை.

ஒச்சம்மாள் தினமும் வந்து, போலீஸ் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், தன் வீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் நாள் துப்பாக்கி வைத்திருந்த போலீஸ்காரர் விரட்டினார், நாலாம் நாள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் காலனிக்கான வாக்குச்சாவடியையும் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டார்கள். படிக்கட்டின்மேல் அகலமாக ஒரு பலகையைப் போட்டு, வழுக்காமல் இருக்கத் தேங்காய்நார் விரிப்பை ஆணியடித்துச் சாய்தளம் செய்திருந்தார்கள். விரிப்புக்கு அடியில் முண்டு முண்டாக என்னவோ காலில் இடறியது. ஒரு வேட்பாளர் அதில் தடுக்கி விழப் பார்த்து, எதிர்க்கட்சியின் சதி என்றார். மேற்பார்வையாளர் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, மாவட்டத்திலேயே நல்ல சாய்தளம் இதுதான் என்று பாராட்டினார். ஓட்டுப்பதிவு அன்றைக்கு நானூறு பேர் அதன்மேல் நடந்தோம், ஒச்சம்மாளும் நடந்தாள்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். ஊர் முங்கி எல்லோரும் சிதறியபின், பட்டியலில் பெயர் இருந்து ஆள் இல்லாதவர்கள் எங்கள் பாகத்தில் நாற்பத்தோரு பேர். முதல் தேர்தலில் அந்த ஓட்டுகளுக்காகக் கட்சிகள் அடித்துக்கொண்டன. இரண்டாம் தேர்தலிலிருந்து சண்டை வேண்டாம் என்று எங்கள் டீக்கடையில் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டார்கள். இல்லாதவர்களைப் பிரிப்பதில் எங்கள் ஊரில் ஒரு நாளும் வாக்குவாதம் வந்ததில்லை. சிவனாண்டி, வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு, ஜெயக்கொடியின் கட்சிக்குப் போனான். ஜெயக்கொடி அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர், நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிற ஆள். சிவனாண்டிக்காக அவன்தான் ஓட்டுப் போடுவான். வாசலில் ஒச்சம்மாள் நிற்பாள், இவன் ஏஜெண்டு அட்டையைக் காட்டிக்கொண்டு அவளைக் கடந்து உள்ளே போவான். எதிர்க்கட்சி ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருப்பது நான். ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி என் முகத்தைப் பார்ப்பார், இல்லை என்று நான் தலையாட்டுவேன். எட்டுத் தேர்தலில் எட்டு முறை ஆட்டியிருக்கிறேன்.

இந்த முறை ஒச்சம்மாள் வாசலில் நிற்கவில்லை, கயிற்றருகில்தான் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுப் போடத்தான் எழுந்து வந்தாள். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவள் போயிருந்த நேரத்தில் ஜெயக்கொடி உள்ளே வந்து சீட்டை நீட்ட, முதல் அதிகாரி விதிப்படி உரக்கப் படித்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு. சிவனாண்டி."

தடுப்புக்குப் பின்னாலிருந்து அவள் ஓடிவந்தாள். பொத்தானை அழுத்தினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. முகம் முழுக்க அப்படி ஒரு வெளிச்சம், ஐம்பது வயதுக்காரியின் முகத்தில் அதை நான் பார்த்தே இருக்கக் கூடாது. வாசலைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள், பிறகு மேசையில் விரலை நீட்டிக்கொண்டிருந்த ஜெயக்கொடியைப் பார்த்தாள். ஏற்கனவே மை வைத்த விரலை மடக்கிக்கொண்டு பக்கத்து விரலை நீட்டியிருந்தான். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் தலை அப்போதுதான் ஆடி நின்றிருந்தது.

"இத்தன வருசமும் இப்பிடித்தானா அண்ணே?"

"அம்மா, ஓட்டுப் போட்டவங்க வெளிய போகலாம்" என்றார் அதிகாரி.

யாரோ ஜெயித்தார்கள். கூடத்திலேயே எண்ணி, அங்கேயே வெடி வெடித்தார்கள், தண்ணீர்ச் சுவரில் மீன்கள் கலைந்து ஓடின. இரண்டு நாள் கழித்து, எடுத்துக்கொண்ட கட்டடங்களை விடுவிக்கும் ஆணையைத் திரவியராஜ் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட சாயங்காலமே தண்ணீர் மூடிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அவரவர் சாமான்களை அவரவர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர் வாடகை விரிப்பை ஆணியோடு பிய்த்துச் சுருட்டினார். அடியில் இருந்த பலகையின்மேல் பித்தளைக் குமிழ்கள் வெயிலில் மின்னின. ஐந்து குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு குமிழும், ஐந்தாவதற்குப் பதில் ஒரு சைக்கிள் மணி மூடியும் இருந்தன.

அந்த மூடி என் கடையில் வாங்கியது. கதவுல ஒரு குமிழ் குறையுது மாப்ள, பார்க்க நல்லா இருக்கிற ஒன்னாக் குடு என்று சிவனாண்டி வந்து நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மாள் கயிற்றருகிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். குனிந்து மூடியைத் தொட்டுப் பார்த்தாள். வெளிக் கொண்டி மடங்கியபடி இருந்தது, அதில் பூட்டு இல்லை. "புடிங்க அண்ணே" என்றாள். இருளப்பனும் நானும் சேர்ந்து கதவைப் புரட்டினோம்.

உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. துருவேறி, நீட்டின கை நீட்டினபடி, நிலையிலிருந்து பிய்ந்து வந்த வளையத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வளையத்தில் மரச்சிம்பு ஒட்டியிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தோம். "ஓடிப் போயிருந்தாலும் ஒரு நாள் வந்திருப்பான்" என்றாள். "என்னைய லாரியில ஏத்திவிட்டுட்டு வீட்டோட இருந்துட்டான் பாரு, படுபாவி." அப்புறம்தான் அழுதாள், பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து. முப்பது நாளாக நாங்கள் அந்தக் கதவின்மேல்தான் ஏறி இறங்கியிருக்கிறோம், கொடியோடும் செருப்போடும்.

கதவைத் தூக்கிக்கொண்டு திரவியராஜின் மேசைக்குப் போனோம். "பாத்துக்கங்கய்யா. உள்ளதான் இருந்திருக்காரு. இப்பவாச்சும் செத்துட்டாருன்னு எழுதுங்க" என்றாள்.

திரவியராஜ் தாழ்ப்பாளைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். நல்ல மனுஷன்தான், கண் கலங்கியது நிஜம். ஆனால் குரல் தாழ்ந்துபோய்ச் சொன்னார்: "அவர் செத்துட்டார்னு நான் எழுதினா, பத்து நாள் முன்னாடி ஓட்டுப் போட்டது யாருன்னும் எழுதணும்மா. அதை எழுதினா மறுபடியும் தேர்தல் வெக்கச் சொல்வாங்க. மறுபடியும் நான் எங்க போய் இடம் தேடுவேன்?"

பிறகு விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டை எடுத்து, இருபதாவது ஆளாக, "நேரில் பார்வையிட்டேன், நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினார். அத்தனை பேரிலும் உண்மை எழுதியவர் அவர் ஒருவர்தான். நாங்கள் கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் பாதையை மூடிக்கொண்டு வந்தது, அவசரமில்லாமல், கடையடைக்கிறவன் பலகை பலகையாகச் சொருகுவது போல.

கதவைப் பாடையாக நான்கு பேர் சுமந்தோம். மறுநாள் காலை காலனி சுடுகாட்டில் வைத்து, முறைப்படி எல்லாம் செய்தோம். பொட்டை அழித்துக்கொண்டாள், யாரும் தன்னைத் தொட வரவேண்டாம் என்றாள். பிள்ளை இல்லை, கொள்ளி வைக்கப் பங்காளியைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஜெயக்கொடி மாலையோடு வந்தான். சாவுக்கு வராமல் இருந்தால் கட்சிக்கு அழகில்லையே.

"ஜெயக்கொடி, இங்க வாப்பா" என்றாள் ஒச்சம்மாள். "அந்த வெரலக் காட்டு."

காட்டினான். இரண்டு விரலிலும் மை நகத்தடியில் கருத்துக் கிடந்தது.

"பத்தொம்பது வருசமா அவரு கைய நீதான வச்சிருந்த. அந்தக் கையாலயே கொள்ளி வையி."

அவன் எங்களைப் பார்த்தான். நாற்பத்தோரு பேரைப் பங்கு போட்டுக்கொண்ட எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே நின்றோம். மாலையைக் கீழே வைத்துவிட்டு வந்து கொள்ளி வைத்தான். தண்ணீரில் பத்தொன்பது வருஷம் ஊறின தேக்கு லேசில் பிடிக்கவில்லை, மத்தியானம் வரை புகைந்தது. மறுநாள் சாம்பலைக் கிளறி அந்த மணி மூடியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்க, உங்க கடைச் சாமான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

தை மாதம் புதுப் பட்டியல் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு, சிவனாண்டி, ஆண் என்று அப்படியே இருந்தது. வயதை மட்டும் சரியாக ஒன்று கூட்டியிருந்தார்கள். இல்லாதவர் பெயர் இருந்தால் ஆட்சேபம் எழுதலாம் என்று எல்லா ஏஜெண்டுகளுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள், எனக்கும் வந்தது. எழுதத்தான் வேண்டும். ஒன்றை எழுதினால் நாற்பத்தொன்றையும் எழுத வேண்டும், எழுதினால் எட்டுத் தேர்தலில் தலையாட்டியது யார் என்று கேட்பார்கள். படிவம் என் கடை மேசையில்தான் இருக்கிறது. காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் அந்த மணி மூடியை வைத்திருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.